கேட்காமல் விடாதவர்

எங்கள் தொழிலில் சட்டம் என்று ஒன்றே ஒன்றுதான். சீலிங் போர்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருப்பவன், எதிரே ஸ்க்ரூ போடுகிறவனைக் கேட்காமல் கையை எடுக்கக் கூடாது. "விடவா?" என்று கேட்க வேண்டும். "விடுங்க" என்று பதில் வர வேண்டும். அதற்குப் பிறகுதான் கை கீழே இறங்கலாம். மூக்கு அரித்தாலும் சரி, கண்ணில் தூசி விழுந்தாலும் சரி, பதில் வரும்வரை நிற்க வேண்டியதுதான். சீலிங் வேலை செய்கிற எவனைக் கேட்டாலும் இதைச் சொல்வான். ஒருவனைப் பற்றி "கேக்காம விட்டுட்டான்" என்று பேச்சு கிளம்பிவிட்டால் அவனோடு சேர்ந்து சாரத்தில் ஏற ஆள் கிடைக்காது.

அப்படி ஒரு பேச்சை நான் கிளப்பிவிட்டேன். அதுவும் என் மனைவியின் அண்ணனைப் பற்றி. அவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். எழுத உட்கார்ந்ததுமே காது இரண்டும் சுடுகிறது, ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அவரை எல்லோரும் ஏணி என்று கூப்பிடுவார்கள். ஆறடி மூன்று அங்குலம் உயரம், சதை என்று சொல்ல உடம்பில் ஒன்றும் கிடையாது. சட்டை மாட்டிய கம்பு என்று எங்கள் காண்ட்ராக்டர் கிண்டல் செய்வார். மற்றவர்கள் இரண்டு தட்டு சாரம் கட்டுகிற இடத்தில் அவருக்கு ஒரு தட்டு போதும். தலையில் ஒரு பழைய துண்டை நான்காக மடித்து வைத்துக்கொண்டு, அதன் மேல் போர்டை ஏந்தி, இரண்டு கைகளையும் அகல விரித்துப் பிடித்தாரென்றால் சுவரில் அடித்த ஆணி மாதிரி நிற்பார். பேச்சு குறைவு. ஒரு நாளைக்கு அவர் வாயிலிருந்து வருகிற வார்த்தைகளில் பாதி "விடவா" தான் என்று நானே பல தடவை கேலி செய்திருக்கிறேன்.

என் மாமனார் சீக்கிரம் போய்விட்டார். தங்கையைப் படிக்க வைத்து, பார்த்துப் பார்த்து எனக்குக் கட்டிக்கொடுத்தவர் ஏணிதான். தனக்கென்று ஒரு குடும்பம் அமைத்துக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "நிலைக்கதவுல தல இடிக்காத வீடா பாத்துட்டு இருக்கேன்" என்பார். நான் அப்போது ஒரு ஃபர்னிச்சர் கடையில் மூட்டை தூக்கிக்கொண்டு திரிந்தவன். என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஸ்க்ரூ கன்னைக் கையில் கொடுத்து, போர்டு உட்காரும் சானல் சட்டம் அடிக்கவும் மட்டம் பார்க்கவும் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். பதினான்கு வருடம் ஒரே சாரத்தில் எதிரெதிரே நின்றிருக்கிறோம். ஒரு தடவைகூட அவர் கேட்காமல் விட்டதில்லை.

இப்போது என் பவிசைச் சொல்கிறேன். எனக்கு ஜிம் பைத்தியம். டயர் கடைக்கு மேலே, மாடியில் ஒரு ஜிம். தினமும் காலையில் போவேன். நாற்பது வயதைத் தாண்டியும் கை கட்டாக இருக்கிறது என்று அங்கே எனக்குத் தேக்கு என்று பட்டப்பெயர். அந்தப் பெயரை யாராவது கூப்பிட்டால் காதில் விழாதது போல இருந்துவிட்டு இரண்டாவது தடவை கூப்பிட்ட பிறகு திரும்புவேன். இரண்டு தடவை கேட்கலாம் அல்லவா, அதற்காக.

அந்த ஜிம்மில் ஒரு பெஞ்ச் உண்டு. மல்லாந்து படுத்து, நெஞ்சுக்கு மேலே எடை மாட்டிய இரும்புப் பாரை இறக்கி ஏற்றுகிற பெஞ்ச். அதன் ஸ்டாண்டை எந்தப் புண்ணியவான் வெல்டிங் செய்தானோ, பார் உட்கார்கிற கொக்கி தலைக்கு ரொம்பப் பின்னால் போய்விட்டது. படுத்தவன் கையைத் தலைக்குப் பின்னால் நீட்டி, அங்கிருந்து முழு எடையையும் தூக்கி முன்னால் கொண்டுவர வேண்டும். அதனால் ஜிம் மாஸ்டர் ஒரு விதி வைத்திருந்தார். யாரும் தனியாகப் பாரை எடுக்கக் கூடாது. தலைமாட்டில் ஒருவர் நின்று பாரைப் பிடித்து, சேர்ந்து தூக்கி, தோளுக்கு நேராகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத்தான் கையை எடுக்க வேண்டும். மாஸ்டர் அதற்குக் காரணமும் சொல்வார். பெஞ்சில் படுத்ததும் தோள்பட்டை இரண்டையும் பின்னால் ஒடுக்கி அழுத்தி வைக்கிறோம், தனியாக எக்கி எடுத்தால் அந்தக் கட்டு அவிழ்ந்து எடை முழுக்கத் தோள் மூட்டில் உட்காரும், தசை தாங்காது என்பார். எத்தனை பெரிய பயில்வானாக இருந்தாலும் கை வாங்கிக்கொள்வதில் வெட்கமில்லை என்பார்.

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அதற்குக் காரணம் மீசை என்று நாங்கள் கூப்பிடுகிற ஒருவன். அவன் மினி லாரி ஓட்டுகிறவன், வாய் சும்மா இருக்காது. ஒருநாள் மாஸ்டர் எனக்குக் கை கொடுக்க, எண்பது கிலோவை நான் ஆறு தடவை ஏற்றி இறக்கினேன். எழுந்து உட்கார்ந்து எல்லோரும் பார்க்கிறார்களா என்று நானும் பார்த்தேன். மீசை தண்ணீர் குடித்துக்கொண்டே, "எடுத்துக் குடுத்தா எங்க மாமியாரே தூக்குவாங்க" என்றான். ஜிம்மே சிரித்தது. மாஸ்டரும் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். மறுநாளே எவன் கையும் இல்லாமல் தொண்ணூறு கிலோவை எடுத்துக் காட்டுகிறேன் பார் என்று மனதுக்குள் சபதம். அதற்கு முன்னால் ஆளில்லாத நேரத்தில் ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு முன்ஜாக்கிரதை வேறு.

மறுநாள் மாஸ்டர் வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் போய்விட்டேன். ஜிம் சாவி டயர் கடைக் காவல்காரரிடம் இருக்கும். ஏணி எப்போதும் என் பைக்கின் பின்னால் உட்கார்ந்து வருவார். நான் மேலே போவேன், அவர் கீழே டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். முடிந்ததும் இருவரும் நேராக வேலைக்குப் போய்விடுவோம். பின்னால் உட்கார்ந்து என்றுதான் சொன்னேன், கவனியுங்கள். என் பைக்கை நான் எவனுக்கும் கொடுக்க மாட்டேன். என் சொந்தத் தம்பி கேட்டே கொடுத்ததில்லை. சாவியைத் தூங்கும்போதுகூடத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொள்கிற ஜாதி என்று என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

அன்று டீக்கடை திறக்கவில்லை. அதனால் ஏணி மேலே ஏறி வந்தார். நான் பாரில் எடைப் பிளேட்டுகளை மாட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். யாருமில்லாததையும் பார்த்தார்.

"மாப்ளே, கை குடுக்கவா?" என்றார்.

"நீங்க கீழ போங்க மச்சான். யாராச்சும் பாத்துட்டு இருந்தா எனக்கு ஆகாது" என்றேன். சொன்ன விதம் மோசம். ஈயை விரட்டுவது போலக் கையை ஆட்டினேன். அவர் இறங்கிப் போனார்.

படுத்தேன். கையைப் பின்னால் நீட்டிப் பாரைப் பிடித்தேன். மூச்சை இழுத்து ஒரு தள்ளு. இடப்பக்கம் கொக்கியிலேயே நின்றது, வலப்பக்கம் மட்டும் வெளியே வந்தது. பார் கோணிக்கொண்டு முன்னால் போக, வலது தோளுக்குள் பழைய வேட்டி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். அது எனக்கு மட்டும் கேட்ட சத்தம். எந்த ஜென்மத்துப் புண்ணியமோ, பார் தானாகவே பின்னால் சரிந்து கொக்கியில் போய் விழுந்தது. என் கழுத்தில் விழுந்திருந்தால் இதை எழுத ஆளிருந்திருக்காது. கண்ணில் நீர் முட்ட எழுந்து, இடது கையாலேயே பிளேட்டுகளைக் கழற்றி, எடுத்த இடத்தில் அடுக்கி வைத்தேன். திருடன் தடயத்தை அழிக்கிற மாதிரிதான் செய்தேன். வலியைவிட அப்போது எனக்கிருந்த கவலை மீசைக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதுதான்.

கீழே வந்தேன். பையை இடது தோளில் மாட்டியிருந்தேன். வலது கை ஆக்ஸிலேட்டரைத் திருகாது என்று படியிறங்கும்போதே தெரிந்துவிட்டது. சாவியை ஏணியிடம் நீட்டி, "இன்னிக்கு நீங்க ஓட்டுங்க மச்சான்" என்றேன். அவர் சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வண்டியை எடுத்தார். வேலை நடக்கிற இடத்தில் என்னை இறக்கிவிட்ட பிறகுதான் சாப்பாட்டு கேரியரை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. அவரே பைக்கில் போய் எடுத்துக்கொண்டு வந்தார்.

அது ஒரு கண் ஆஸ்பத்திரி. திறப்பதற்கு இன்னும் பத்து நாள் இருந்தது. முன்ஹாலில் சீலிங் எங்களுடையது. கீழே வரவேற்பு மேசையில் கண்ணாடி பொருத்தியாகிவிட்டது. அதை ஒட்டிச் சுவரில் பெயிண்டுக்கு முன்னால் பட்டி பூசிக்கொண்டிருந்தார் ஒரு அக்கா. தோள் முடியவில்லை, இன்றைக்குச் சாரத்தில் ஏறவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எதனால் என்று கேட்பார்களே. கேட்டால் ஜிம் கதை வெளியே வருமே. காண்ட்ராக்டரின் டைல்ஸை ஏற்றி இறக்குகிறவன் அந்த மீசைதானே. ஆகவே வாயை மூடிக்கொண்டு ஏறினேன்.

காலை பத்தரை மணிவரை எப்படியோ ஒப்பேற்றினேன். பதினோரு மணிக்கு ஒரு முழு போர்டு. இருவரும் தூக்கினோம். ஏணி அந்தப் பக்கம் தலையாலும் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டார். என் பக்கம் நான் இடது கையால் தாங்கி வலது கையால் ஸ்க்ரூ போட வேண்டும். வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. புத்தி கெட்டுப்போய், ஸ்க்ரூ கன்னை இடது கைக்கு மாற்றிவிட்டு வலது உள்ளங்கையைப் போர்டுக்கு முட்டுக் கொடுத்தேன். ஏணி அந்தப் பக்கத்திலிருந்து "விடவா?" என்றார். "இருங்க" என்றேன். சொல்லி வாய் மூடுவதற்குள் தோள் கழன்றது போல ஆகி, கை தொப்பென்று விழுந்தது. என் பக்கம் போர்டு சரிந்து அவர் கையிலிருந்தும் பிடுங்கிக்கொண்டு கீழே போயிற்று. மேசைக் கண்ணாடி சுக்குநூறு. அந்த அக்காவின் முழங்கைக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து ரத்தம். பிறகு ஏழு தையல் போட்டார்கள்.

ஏணியின் வலது கட்டைவிரல் நகம் பாதி பெயர்ந்து தொங்கியது. கடைசிவரை பிடித்துப் பார்த்திருக்கிறார். அதை நான் பார்த்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் அந்த அக்காவைச் சுற்றி நின்றார்கள்.

காண்ட்ராக்டர் ஓடிவந்தார். முதலில் கட்டுப்போட ஆளை அனுப்பினார். பிறகு மேலே நிமிர்ந்து பார்த்து, "யாருய்யா விட்டது?" என்றார்.

நான் வலது தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கேள்விக்கும் என் பதிலுக்கும் இடையில் ஒரு மூச்சுகூட இல்லை. யோசித்துச் சொன்னேன் என்றால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும்.

"மச்சான் கேக்காம விட்டுட்டாரு. நான் தாங்கப் போயி தோளு போயிடுச்சு" என்றேன்.

ஏணி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், கத்துகிற சாக்கில் உண்மைகூட வெளியே வந்திருக்கும். அவர் என் தோளைத்தான் பார்த்தார். பிறகு காண்ட்ராக்டரைப் பார்த்து, "ஆமாங்க, கை தவறிடுச்சு" என்றார்.

அவ்வளவுதான். பதினான்கு வருடத்து நாணயம் சாரத்திலிருந்து இறங்குவதற்குள் போயிற்று. அன்றே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வேறு காண்ட்ராக்டர்களிடம் போனார். எங்கள் ஆட்கள் வாய்க்குப் பூட்டு ஏது, "கேக்காம விட்டவராமே" என்று அவருக்கு முன்னாலேயே பேச்சு போய்க் காத்திருந்தது. இரண்டு இடத்தில் வேலை கொடுத்தார்கள், ஆனால் கூட ஏற ஒருவனும் வரவில்லை. கடைசியில் ஒரு டைல்ஸ் கடையில் பெட்டி சுமக்கப் போனார். ஐம்பதை நெருங்குகிற வயதில், அந்த உயரத்துக்கு, குனிந்து குனிந்து.

எனக்கு என்ன நடந்தது என்றா கேட்கிறீர்கள்? கேளுங்கள், நானும் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். தசைநார் கிழிந்திருக்கிறது, ஒரு வருடத்துக்குக் கையைத் தூக்கி வேலை செய்யக் கூடாது என்று டாக்டர் சொன்னார். போர்டைத் தாங்கப் போய்த் தோளைப் பறிகொடுத்தவன் என்று காண்ட்ராக்டர் இரக்கப்பட்டு என்னைச் சூப்பர்வைசர் ஆக்கினார். கையில் டேப், காதில் பென்சில், கீழே நின்று ஆட்களை விரட்டுகிற வேலை. பொய் சொன்னவனுக்குப் பதவி உயர்வு.

வீட்டில் அதைவிடக் கொடுமை. என் மனைவி தன் அண்ணனை வாசலில் வைத்தே கேட்டுவிட்டாள். அவர் என்னைப் பார்க்கத்தான் பழம் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். ரெண்டு பொண்ண வச்சிருக்கிற மனுஷனோட கைய ஒடச்சிட்டியே, கேட்டுட்டு விட்டா உன் வாயில இருந்து முத்தா கொட்டிடும் என்று அவள் கேட்டதை உள்ளே கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வலது கை தேவையில்லை. வாய் நன்றாகத்தான் இருந்தது. நான் எழவில்லை. பழப் பையை வாசலில் வைத்துவிட்டு அவர் போய்விட்டார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அவர் வருவது நின்றது. சமையல் செய்யும்போது அவள் பழக்கதோஷத்தில் ஒரு ஆள் அரிசி கூடப் போட்டுவிட்டு, பிறகு கையால் அள்ளி வெளியே எடுப்பாள். அந்தச் சமயத்தில் நான் சமையலறைப் பக்கம் போகாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன்.

இப்படியே ஒன்றரை வருடம்.

பிறகு டாக்டர், இனி வெறும் பாரை வைத்து மெதுவாகப் பயிற்சி செய்யலாம் என்றார். ஒருநாள் காலை ஜிம்மின் படியேறினேன். பாதிப் படியிலேயே அந்தக் குரல் கேட்டது. "விடவா?" என்றது. எனக்குக் கால் நின்றுவிட்டது.

கதவோரமாக நின்று பார்த்தேன். பெஞ்சில் மீசை படுத்திருந்தான். தலைமாட்டில் ஏணி. டைல்ஸ் கடையில் சரக்கு ஏற்றப் போன மீசைதான் மாஸ்டரிடம் சொல்லி, காலையில் ஜிம்மைத் திறந்து பெருக்கித் துடைக்கிற வேலைக்கு இவரைச் சேர்த்துவிட்டிருக்கிறான் என்று பின்னால் தெரிந்தது. இவர் உயரத்துக்கும் கை நீளத்துக்கும் பாரை எடுத்துக் கொடுப்பது சுலபமாக இருந்திருக்கிறது. கொக்கியிலிருந்து அலுங்காமல் தூக்கி, தோளுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தி, "விடவா?" என்று கேட்டு, "விடுங்க" என்ற பிறகே கையை எடுக்கிறார். பக்கத்தில் மூன்று பேர் தங்கள் முறைக்காக நின்றிருந்தார்கள். மாஸ்டர் சும்மாதான் இருந்தார், இருந்தும் அவரிடம் யாரும் போகவில்லை. இவருக்காகக் காத்திருந்தார்கள். மீசை கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தான். அவன் முகத்துக்கு மேலே நூறு கிலோ இருந்தது.

கேட்காமல் விட்டவர் என்று நான் ஊரெல்லாம் பெயர் வாங்கிக்கொடுத்த மனிதரின் கைக்குக் கீழே ஆட்கள் கண்ணை மூடிப் படுக்கிறார்கள். நான் உள்ளே போகவில்லை. வந்த வழியே இறங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவியிடம் சொன்னேன். அதையும் ஒழுங்காகவா சொன்னேன்? "அன்னிக்கு மச்சான் விடல. என் கைதான் நழுவுச்சு" என்று மட்டும் சொன்னேன். ஜிம்மைப் பற்றி மூச்சு விடவில்லை. தோள் எங்கே போயிற்று என்பதைச் சொல்லவில்லை. பாதி உண்மை சொன்னால் பாதிப் பாவம் குறையும் என்று ஒரு கணக்கு. அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நேராக அண்ணனிடம் போனாள். அவர் என்ன சொன்னார் தெரியுமா? மாப்பிள்ளை நல்ல மனசுக்குச் சொல்கிறார், நம் இரண்டு பேரையும் சேர்த்து வைக்க அப்படிச் சொல்கிறார், என் கைதான் தவறியது என்று சாதித்துவிட்டார்.

அவள் திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது. எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். "எங்க அண்ணனுக்காகப் பழிய உங்க மேல போட்டுக்கிட்டீங்களே, இந்த மனசு யாருக்கு வரும்" என்றாள். அந்தக் காபியைக் குடித்தேன். குடித்துவிட்டு, சர்க்கரை கொஞ்சம் கம்மி என்றும் சொன்னேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

அடுத்த ஞாயிறு ஏணி சாப்பிட வந்தார். நிலைக்கதவில் வழக்கம்போல இடித்துக்கொண்டார். பெண்கள் இரண்டு பேரும் மாமா மாமா என்று அவரைச் சுற்றிக்கொண்டார்கள். என் மனைவி தட்டில் போட்டுக்கொண்டே இருந்தாள். நடுநடுவே என்னைக் காட்டி, தங்கமான மனுஷன் என்று பெண்களிடம் சொன்னாள். ஏணி தலையைக் குனிந்தபடி சாப்பிட்டார்.

சாப்பிட்டு முடியும் நேரத்தில் சின்னவள், மாமா தன்னைப் பைக்கில் ஒரு ரவுண்டு கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று அடம் பிடித்தாள். நான் உடனே எழுந்து ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து ஏணியிடம் நீட்டினேன். ஏதோ ஒன்றை அவருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்கிற தவிப்பு, வேறொன்றுமில்லை.

என் மனைவி சிரித்தாள். "பாருண்ணா, மறுபடியும் சாவியக் குடுக்கிறாரு. அன்னிக்கு நீ கேரியர் எடுக்க வண்டியில வந்தப்போ நான் கேக்கல, என்னடா இது அதிசயம்னு? நீகூட, இன்னிக்கு மாப்ளைக்கு மனசு இளகிடுச்சுன்னு சொன்னியே" என்றாள்.

சொன்னவள் அப்படியே நின்றாள். கையில் கரண்டி இருந்தது. அவள் மனதுக்குள் நேரத்தைக் கூட்டிக் கழிக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. ஏணிக்கும் தெரிந்தது. அவர் தட்டில் காலியாக இருந்த இடத்தை விரலால் வழித்துக்கொண்டிருந்தார்.

"அது அன்னிக்குத்தானேண்ணா. போர்டு விழுந்த அன்னிக்கு. நீ வந்தப்போ எட்டு மணி. போர்டு விழுந்தது பதினோரு மணிக்கு" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "காலையிலயே எதுக்கு வண்டியக் குடுத்தீங்க?"

ஏணி குறுக்கே ஏதோ சொல்ல வாயெடுத்தார். இந்த ஒரு தடவை நான் முந்திக்கொண்டேன். ஜிம், மீசையின் பேச்சு, ஆளில்லாத பெஞ்ச், அவர் கை கொடுக்கவா என்று கேட்டது, நான் அவரை விரட்டியது, பிளேட்டுகளை அடுக்கி வைத்தது, ஸ்க்ரூ கன்னை மாற்றியது, பெயர்ந்த நகம் வரை எல்லாவற்றையும் சொன்னேன். பெண்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களை உள்ளே போகச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

அவள் அண்ணனிடம்தான் கேட்டாள், உனக்கு அன்றே தெரியும்தானே, ஏன் சொல்லவில்லை என்று. அவர், "சொன்னா அவருக்கு வேல போயிருக்கும். உனக்கு ரெண்டு பொண்ணு. எனக்கு யாரு இருக்கா, ஒத்த ஆளு" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அதுவுமில்லாம அவரு போகச் சொன்னாருன்னு நானும் எறங்கி வந்திருக்கக் கூடாது. தலமாட்டுல நின்னிருக்கணும்" என்றார். தன் பங்குக்கும் ஒரு தப்பைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டுதான் ஒன்றரை வருடம் பெட்டி சுமந்திருக்கிறார்.

அவர் போன பிறகு அவள் பாத்திரங்களைக் கழுவி, துடைத்து, அடுக்கினாள். அழுவாள் என்று காத்திருந்தேன். கத்துவாள் என்று காத்திருந்தேன். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"ஒளிஞ்சு ஒளிஞ்சுதான எல்லாத்தையும் செஞ்சீங்க. நாளைக்கு எல்லாரும் இருக்கிறப்போ போய் எங்க அண்ணன் கைக்குக் கீழ படுங்க. படுத்துக்கிட்டு இதே கதைய அங்கயும் சொல்லுங்க. அப்புறமா என்கிட்ட பேசலாம்" என்றாள்.

மறுநாள் காலை போனேன். கூட்டமான நேரமாகப் பார்த்துத்தான் போனேன். மீசை இருந்தான். காண்ட்ராக்டரின் ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அது போதும், மத்தியானத்துக்குள் எல்லாச் சாரத்துக்கும் செய்தி போய்விடும். "அட, தேக்கு" என்றான் மீசை. நான் முதல் தடவையிலேயே திரும்பினேன்.

பிளேட் ஒன்றும் மாட்டவில்லை. வெறும் பார், இருபது கிலோ. பெஞ்சில் மல்லாந்து படுத்தேன். தலைமாட்டில் ஏணி வந்து நின்றார். கீழேயிருந்து பார்க்கும்போது அவர் முகம் தலைகீழாகத் தெரிந்தது. பாருக்கு அடியில் கையை வைத்தார். வலது கட்டைவிரல் நகம் கோணலாக, தடித்து வளர்ந்திருந்தது.

"கண் ஆஸ்பத்திரியில அன்னிக்கு இவரு கேக்காம விடல. விட்டது நான்" என்று ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சத்தமாகச் சொன்னேன். ஒவ்வொருவராகப் பிளேட்டைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. தோள் கிழிந்தது இதே பெஞ்சில் என்று சொன்னபோது மாஸ்டர் கிட்டே வந்து நின்றார். நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை, படுத்திருக்கிறவனுக்கு அது ஒரு வசதி. மீசை ஏதாவது சொல்லிச் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சொல்லி முடித்தேன். கண்ணிலிருந்து வழிந்தது இரண்டு காதுக்குள்ளும் போயிற்று. துடைக்கக் கை இல்லை, இரண்டு கையும் பாரில் இருந்தது.

"தோள்பட்டைய ஒடுக்குங்க மாப்ளே" என்றார் ஏணி. ஒடுக்கினேன். இருவரும் சேர்ந்து தூக்கினோம். பார் கொக்கியிலிருந்து அலுங்காமல் வெளியே வந்து என் தோளுக்கு நேராக நின்றது. எனக்கு ஒரு வலியும் தெரியவில்லை. அன்றைக்குக் கேட்டபோதே சரியென்று சொல்லியிருந்தால் எவ்வளவு சின்ன விஷயமாகப் போயிருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

"விடவா?" என்றார்.

வெறும் இருபது கிலோ. எங்கள் வீட்டுச் சின்னவள்கூடத் தாங்கிவிடுவாள். ஆனாலும் விடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. நான் சொல்கிறவரை அவர் விடவில்லை.